முழங்கைக்குக் கீழே விமலா

என்ன பாக்கிய அண்ணாச்சி? பச்சை குத்துனதுதான். ஜங்ஷன்ல ஏறுனதுல இருந்து என் கையவே பாத்துக்கிட்டு வாரிய. நேராக் கேட்டா நேராச் சொல்லிருவேன். சன்னல் வழியா வெளிய பாக்க மாதிரி பாத்துக்கிட்டு, அறுபத்தேழு வயசுக் கெழவனுக்கு இது என்ன கேடுன்னு உள்ளுக்குள்ள நெனைக்கது எனக்குப் பிடிக்காது. இதே கவர்மெண்டு பஸ்ஸுல கண்டக்டரா ஏறி செக்கிங் இன்ஸ்பெக்டரா எறங்குனவன் நான். முப்பத்திரெண்டு வருஷ சர்வீஸ். டிக்கெட்டு எடுக்காதவன் மூஞ்சியும் தெரியும், மனசுக்குள்ள பேசுதவன் மூஞ்சியும் தெரியும்.

விமலா. வாசிக்கத் தெரியும்லா, அப்படித்தான் எழுதியிருக்கு. என் வீட்டுக்காரி. போன வருஷம் ஆவணியில போயிட்டா. பக்கத்துல இருக்கது அரளிப்பூ. அவ அரளி வச்சிருந்தாளான்னு கேக்காதிய, அந்தக் கடைக்காரன் ரோஜாவும் அரளியும்தான் வச்சிருந்தான், ரோஜா காதலிச்சுத் திரியுத பயலுவ வைக்கது. அதனால அரளி.

எதுக்குக் குத்துனேன்னு சொல்லுதேன். அவ செத்த அன்னைக்கு எங்க மைனி ஒருத்தி, எங்க பெரியண்ணன் பொண்டாட்டி, வீட்டு முத்தத்துல உக்காந்து எல்லார் காதுலயும் விழுகுத மாதிரி சொன்னா: "நாப்பது வருஷம் ஆக்கிப் போட்டவ கெடக்கா, இவன் கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி வரல பாரேன்." எனக்கு அழ நேரம் எங்க இருந்துது? ஐஸ் பெட்டிக்குச் சொல்லணும், பந்தல்காரன் வரல, ஆழ்வார்குறிச்சியில இருந்து அவ சொந்தக்காரனுவ வேன்ல வந்து வேன எங்க நிப்பாட்டன்னு என்கிட்டயே கேக்கானுவ. அழுகதுக்குன்னு தனியா ஆளு இருந்துது, நான் வேலையப் பாத்தேன். ஆனா ஊரு அத எங்க பாக்கு? ஒரு வருஷம் பூரா, கோயிலுக்குப் போனாலும் சரி, ரேஷன் கடைக்குப் போனாலும் சரி, கல்லு மாதிரி இருக்கான்னு ஒரு பேச்சு.

சரி, கல்லுதானே, கல்லுலதானே எழுத்து நிக்கும்னு நெனச்சேன். வருஷத் திதிக்கு ஒரு வாரம் இருக்கும்போது வண்ணார்பேட்டைக்குப் போனேன். செல்போன் கடை மாடியில ஒரு தாடிக்காரன் வச்சிருக்கான். என்னையப் பாத்ததும், பேரனக் கூட்டிட்டு வந்திருக்கியளான்னு கேட்டான். எனக்குத்தான் குத்தணும்னு சொன்னேன். பேரக் கேட்டான், சொன்னேன். "லவ்வரா தாத்தா?"ன்னு கேட்டு ஒரு சிரிப்புச் சிரிச்சான் பாருங்க. என் பொண்டாட்டி, செத்துப் போயிட்டான்னேன். அப்புறம் ஊசிய எடுத்தான். ரெண்டரை மணி நேரம். முழங்கைக்குக் கீழ தோலு தொங்கிப் போயிருக்குன்னு இழுத்து இழுத்துப் பிடிச்சுக் குத்துனான். அப்ப என் கண்ணு கலங்குச்சு அண்ணாச்சி. மைனி அங்க வந்து பாத்திருக்கணும்.

இதுவரைக்கும் தப்பு ஒண்ணும் இல்லல்லா? சொல்லுங்க. ஒருத்தன் செத்துப் போன பொண்டாட்டி பேரக் கையில எழுதுதான். நம்ம ஊர்ல எவன் செஞ்சான்?

இப்ப ஒரு விஷயம் சொல்லுதேன், அதக் கேட்டுட்டு நீங்க ஒரு மாதிரி பாக்கப்படாது. கல்யாணத்துக்கு முன்ன அவ பேரு வேற. பூரணம்னு பேரு. ஆனா எங்க அம்மா பேரும் பூரணம். இதுல நான் என்ன செய்ய முடியும்? நம்ம பக்கத்துல மாமியா பேரும் மருமவ பேரும் ஒண்ணா இருந்தா மருமவளுக்குப் பேர மாத்தித்தான் கூப்பிடுவோம், உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். நான் என் பொண்டாட்டிய, "ஏ பூரணம், தண்ணி கொண்டா"ன்னு சொன்னா எங்க அம்மாவ ஏவுன மாதிரில்லா ஆயிரும். எங்க அம்மா அவள ஏசணும்னா எப்படி ஏசுவா? தன் பேரத் தானே சொல்லி ஏசுவாளா? கல்யாணத்தன்னைக்குச் சாயங்காலம், விளக்கேத்துன கையோட, எங்க அம்மா அவ வாயில ஒரு பிடி சீனியப் போட்டு, "இன்னையில இருந்து உன் பேரு விமலா"ன்னா. அப்ப விமலாங்கது நல்ல பேஷனான பேரு. அவ சீனியத் தின்னுட்டுத் தலைய ஆட்டுனா. தலைய ஆட்டுனால்லா? அப்ப சம்மதம்னுதானே அர்த்தம்?

ரேஷன் கார்டுல விமலா. ஓட்டர் லிஸ்டுல விமலா. கேஸ் புக்குல விமலா. நானே போயி நின்னு எல்லாத்துலயும் மாத்துனேன், ஒரு இடத்துல கூட அவ அலையல. நாப்பது வருஷம் விமலான்னு கூப்பிட்டேன், வந்தா. பாதி நேரம் ஏட்டின்னுதான் கூப்பிடுவேன், அதுக்கும் வந்தா.

ஒரே ஒரு தடவை கேட்டா. எங்க அம்மா செத்து பதினாறு கழிஞ்சு, வந்த கூட்டமெல்லாம் போன பொறவு, அடுப்படியில பாத்திரத்தக் கவுத்திக்கிட்டே கேட்டா: "அத்தைதான் இல்லல்லா. இனிமே என்னை என் பேரச் சொல்லிக் கூப்பிடுங்களேன்." எனக்குச் சிரிப்பு வந்துட்டு. முப்பத்தஞ்சு வயசுல, கல்யாணத்துக்கு நிக்க மாதிரி ஒரு புள்ளய வச்சுக்கிட்டு, உனக்குப் பேரு வைக்கச் சடங்கா பண்ணச் சொல்லுதன்னு கேட்டேன். ரேஷன் கார்ட மாத்த எவன் தாலுகா ஆபீசுக்கு அலைவான்னு கேட்டேன். அவ அடுத்த பாத்திரத்த எடுத்துக் கவுத்துனா. அதுக்குப் பொறவு கேக்கவும் இல்ல. அப்ப அது பெரிய குறை இல்லன்னுதானே அர்த்தம்? இருந்தா கேட்டிருக்க மாட்டாளா? கருவேப்பில இல்லன்னாலே நாலு தடவை கேக்குதவ.

கொஞ்சம் நகந்து உக்காருங்க, வெயிலு அடிக்கி. சேரன்மாதேவி தாண்டுனா நிழலு வந்துரும்.

ஆஸ்பத்திரிக் கதையச் சொல்லணும், அப்பத்தான் உங்களுக்குப் புரியும். குளிச்சுட்டு வந்தவ வாசப்படியில விழுந்தா. வாதம், மூளையில ரத்தக்கட்டுன்னு சொன்னானுவ. திருநவேலியில ஒரு பெரிய ஆஸ்பத்திரி, பேரு வேண்டாம். பத்தொம்பது நாள் ஐசியூவுல கெடந்தா. உள்ள போக ஒரு பாஸுதான் குடுப்பான், ஒரு நேரத்துல ஒரு ஆளுதான் போகலாம். பாஸ நான் வச்சிருந்தேன். நான்தானே புருஷன்? எம்மவ சுகந்தி, டீச்சரா இருக்கா பாளையங்கோட்டையில, அவ கேட்டா குடுப்பேன். வேற யாருக்கும் குடுக்கல. விமலாவோட தம்பி நெல்லையப்பன் ஆழ்வார்குறிச்சியில இருந்து தெனமும் வந்து வராந்தாவுல நிப்பான். அவனுக்கும் எனக்கும் ரொம்ப நாளாவே ஆகாது. ஐசியூ என்ன பொருட்காட்சியா, வாரவன் எல்லாம் எட்டிப் பாக்கதுக்கு?

நர்சுமாரு காலையிலயும் சாயங்காலமும் வந்து தோளத் தட்டி, "விமலாம்மா, விமலாம்மா, கண்ணத் தொறங்க"ன்னு கூப்பிடுவாளுவ. ரெண்டு தடவை கூப்பிடுவா, அசைவு இல்லன்னு அட்டையில எழுதிட்டுப் போயிருவா. இதுக்குப் பேரு வைத்தியமா? இன்னும் சத்தமாக் கூப்பிடும்மான்னு நான் சண்டை போட்டேன். அப்புறம் நானே கூப்பிட்டேன். விமலா, விமலா, ஏட்டி விமலான்னு காதுகிட்டப் போயி கூப்பிட்டேன். பக்கத்துக் கட்டில்ல கெடந்தவன் முழிச்சான், இவ முழிக்கல. டாக்டரு சொன்னாரு, கூப்பிடுததுக்குப் பதில் இல்லாததுனால நினைவு ரொம்ப ஆழத்துல போயிட்டுன்னு. பத்தொம்பதாம் நாள் முடிஞ்சுட்டு. நர்சுமாரு ஒழுங்காக் கவனிச்சிருந்தா பொழச்சிருப்பாங்கது என் கட்சி. இந்த நிமிஷம் வரைக்கும்... சரி, அத விடுங்க.

திதிக்கு வாரேன். போன மாசம், அம்பாசமுத்திரம் படித்துறையில. காலையில ஏழு மணி. தாமிரவரணியில முங்கிட்டு, ஈர வேட்டியோட வெறும் மேலோட உக்காந்திருக்கேன். அதுவரைக்கும் முழுக்கைச் சட்டை போட்டே மறைச்சு வச்சிருந்தேன். எல்லாரும் பாக்கட்டும்னுதான் இருந்தேன், பொய் சொல்லல. மைனி பாத்தா. வாயத் தொறக்கல. எனக்கு ஒரு வருஷத்துல மொதத் தடவையா நெஞ்சு நெறஞ்சுது.

ஐயரு எள்ளையும் தண்ணியையும் கையில விட்டாரு. விட்டுட்டு, "போனவா பேரு சொல்லுங்கோ"ன்னாரு. நான் கைய அவரு பக்கம் நீட்டி, எழுதியிருக்கே பாருங்க சாமின்னு சொன்னேன். விமலான்னு அவரும் ஆரம்பிச்சுட்டாரு.

பின்னால இருந்து நெல்லையப்பன் கேட்டான். "அது யாரு அத்தான்?"

அண்ணாச்சி, கேட்டியளா? எம் பொண்டாட்டி திதியில, என் கையப் பாத்து, அது யாருன்னு கேக்கான். மந்திரம் நின்னுட்டு. நான் திரும்பிப் பாத்தேன். அவன் அழுதுக்கிட்டுதான் இருக்கான், ஆனா பேச்ச நிப்பாட்டல. "எங்க அக்கா பேரு பூரணம். அந்தப் பேருக்குப் பிண்டம் வச்சா அது யாருக்குப் போயிச் சேரும்? எங்க அக்கா அங்க பட்டினியாத்தானே நிப்பா?"ங்கான். படித்துறையில குளிக்க வந்தவன் எல்லாம் சோப்ப கையில வச்சுக்கிட்டு நின்னு பாக்கான். ஐயரு பாவம், நல்ல மனுசன், ரெண்டு பேரையும் சேத்துச் சொல்லிருவோமே, சாஸ்திரத்துல தப்பில்லன்னாரு. நான் முடியாதுன்னு சொன்னேன். பூரணங்கது எங்க அம்மா பேரு, எங்க அம்மாவுக்கு மாசியில தனியாத் திதி இருக்கு, கண்டவன் சொன்னான்னு மாத்திச் சொல்ல மாட்டேன். எந்திரிச்சுப் போயி நெல்லையப்பன் நெஞ்சுல கைய வச்சு ஒரு தள்ளு தள்ளுனேன். ரெண்டு படி கீழ போயி முழங்கால் அளவு தண்ணியில உக்காந்துட்டான். இந்தக் கையாலதான்.

தப்புதான். திதி அன்னைக்குச் செஞ்சது தப்பு. மத்த நாளா இருந்தா தப்பில்ல.

சுகந்தி எறங்கிப் போயி அவனத் தூக்கிவிட்டா. நான் ஏதோ சொன்னேன், அவனுக்கு என்ன உரிமை இருக்கு, ஆஸ்பத்திரியில பத்தொம்பது நாள் கண்ணு முழிச்சது நானா அவனான்னு கேட்டேன். அப்பத்தான் அவ பேசுனா. எம்மவ சத்தம் போட்டுப் பேச மாட்டா, கிளாஸுலயே அப்படித்தானாம். மெல்லச் சொன்னா.

"அம்மா கண்ணு முழிச்சாப்பா. பதினேழாவது நாள். நீங்க ஸ்கேன் ரிப்போர்ட்டு வரலன்னு கீழ சண்டை போடப் போனிய. பாஸ என் கையில குடுத்துட்டுப் போனிய. நான் வாசல்ல நிக்கவன்கிட்ட கெஞ்சி மாமாவையும் உள்ள கூட்டிட்டுப் போனேன். மாமா குனிஞ்சு 'பூரணக்கா'ன்னு ஒரே ஒரு தடவதான் கூப்பிட்டாவ. அம்மா கண்ணத் தொறந்துட்டா. 'எப்பல வந்த, வெயில்லயா வந்த'ன்னு கேட்டா. கொழகொழன்னுதான் பேசுனா, ஆனா பேசுனா. அஞ்சு நிமிஷம் மாமா கையப் பிடிச்சுக்கிட்டு இருந்தா."

நான் நம்பல. நர்சுகிட்ட ஏன் சொல்லலன்னு கேட்டேன். சொன்னாளாம். நர்சு சாயங்காலம் வந்து "விமலாம்மா"ன்னு கூப்பிட்டாளாம், அசைவு இல்லையாம், உங்களுக்கு அப்படித் தோணியிருக்கும்னு சொல்லிட்டுப் போயிட்டாளாம். என்கிட்ட ஏன் சொல்லலன்னு கேட்டேன்.

"மறுநாள் மாமாவ ஒரு அஞ்சு நிமிஷம் உள்ள விடுங்கப்பான்னு உங்க கையப் பிடிச்சுக் கேட்டேன். நீங்க பாஸ சட்டைப் பையில வச்சுப் பின்னு குத்திக்கிட்டிய."

ஆமா, குத்துனேன். அது தொலைஞ்சுரக் கூடாதுன்னு குத்துனேன். காரணத்தச் சொல்லியிருந்தா குடுத்திருக்க மாட்டேனா? குடுத்திருப்பேன். அவன் கூப்பிட்டா முழிக்கான்னு சொல்லியிருந்தா... குடுத்திருப்பேன்னுதான் நெனைக்கேன்.

அதோட விடல அவ. அன்னைக்கு நான் ரிப்போர்ட்டோட மேல வந்தேன்லா, அப்ப அவுங்கம்மா முழிச்சுத்தான் இருந்தாளாம். நான் கட்டில்கிட்ட வந்து "ஏட்டி விமலா, ரிப்போர்ட்டு வந்துட்டு"ன்னு சொன்னேனாம். அவ மொகம் அந்தப் பக்கம் திரும்பி, கண்ண மூடிட்டாளாம். அதுக்குப் பொறவு தொறக்கவே இல்லையாம்.

நான் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன் அண்ணாச்சி. அவளாத் திருப்புனாளா, மயக்கத்துல தல தானாச் சாஞ்சுதா? இது ஒரு நியாயமான கேள்விதானே? பெத்த மவகிட்ட ஒரு தகப்பன் கேக்கக் கூடாத கேள்வியா? அவ சொல்லுதா, "எனக்குத் தெரியாதுப்பா. நீங்கதான் மொகத்துக்கு நேரா நின்னிய." நின்னேன். ஆனா நான் ரிப்போர்ட்டப் பாத்துக்கிட்டு இருந்தேன். அதுல என்னமோ எம்.எம். கணக்குப் போட்டிருந்தான், அத வாசிச்சுக்கிட்டு இருந்தேன்.

திதி விமலா பேருலதான் முடிஞ்சுது. நான் மாத்தல. சுகந்தி எலையில உக்காரல, நெல்லையப்பன ஈர வேட்டியோட பைக்குல ஏத்திக்கிட்டுப் போயிட்டா. காக்காய்க்குச் சோறு வச்சோம். காக்கா வரல. பக்கத்து வீட்டு மாடியில அன்னைக்கு வத்தல் காயப் போட்டு ரெண்டு பயலுவ கம்போட நின்னானுவ, அதான் வரல. மைனி மட்டும் காக்கா வரலயேன்னு தெருவுக்கே கேக்க மாதிரி சொன்னா. அவளுக்கு வேற பொழப்பு என்ன.

அன்னைக்கு இருந்து எம்மவ போன் எடுக்கல. முப்பத்தோரு நாள் ஆச்சு. போன் எடுத்தா என்ன, எடுக்கலன்னா என்ன, எனக்குப் பென்ஷன் வருது, சோறு பொங்கத் தெரியும். அவ ஒண்ணும் என்கிட்ட அந்தப் பேர எழுதச் சொல்லல, நானும் அவ சொல்லி எழுதுத ஆளு இல்ல. இன்னைக்கு வண்ணார்பேட்டைக்குப் போனது நானாப் போனது. கீழ அந்தப் பேரையும் எழுதிட்டா ஒரு பய வாயத் தொறக்க முடியாதுல்லா, அதுக்காகப் போனேன்.

இங்க பாருங்க, சட்டைய இன்னும் கொஞ்சம் ஏத்துதேன். விமலாவுக்கு மேல, ஊதா கலர்ல தெரியுதா? பூரணம். கீழ எடம் இல்லன்னு மேல வச்சான். இது பச்சை இல்ல. மொதல்ல தாள்ல வரைஞ்சு, கையில ஒட்டி உரிச்சா இப்படி ஊதாவா பேரு இறங்கும். அதுக்கு மேலதான் ஊசியப் போடுவான். ஊசி போட விடாம எந்திரிச்சு வந்துட்டேன், சோப்பு போட்டா போயிரும்.

தாடிக்காரன் ஊசிய கையில எடுத்துட்டான். போன தடவை மாதிரி வலிக்கும் தாத்தா, கண்ண மூடிக்கிட்டு பாட்டிய நெனச்சுக்கோங்கன்னான். சின்னப் பய, நல்லதுன்னுதான் சொன்னான். சரின்னு கண்ண மூடுனேன். நாப்பது வருஷமா சொல்லாத பேராச்சே, ஊசி ஏறுததுக்கு முன்ன ஒரு தடவையாவது வாயால கூப்பிட்டிருவோம்னு தோணுச்சு. அங்க யாரும் இல்ல, அவனும் நானும்தான். மெதுவாத்தான் கூப்பிட்டேன், பூரணம்னு.

அவ வரல அண்ணாச்சி. ரெண்டாந்தரம் கூப்பிட்டேன், மூணாந்தரம் கூப்பிட்டேன். எங்க அம்மாதான் வந்து நிக்கா. இடுப்புல கைய வச்சுக்கிட்டு, "எதுக்குல இப்படிக் கெடந்து கூப்பிடுத?"ன்னு கேக்கா.